பல்லம்மா கட்டிய சாரம்

"கழுவிடாதீங்க டாக்டர், அப்படியே குடுங்க!"

அறுவை அறைக் கதவு முழுதாகத் திறப்பதற்குள் பல்லம்மாவின் குரல் உள்ளே போய்விடுகிறது. பின்னாலேயே ஐஸ் பெட்டியோடு கை நீள்கிறது. சற்றுமுன் பிடுங்கிய ஞானப்பல் ஒன்று அதற்குள் இறங்கியதும் அவரைப் பிடிக்க முடியாது. லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. வெள்ளைக் கோட்டு பறக்க, இரண்டிரண்டு படியாகத் தாவி ஆய்வகத்துக்கு ஓடுகிறார். "உசிரோட இருக்கறப்பவே எடுக்கணுங்க. ஆறின கஞ்சி பழங்கஞ்சி!"

பல் மருத்துவமனையில் அவருக்கு நீளமான பதவிப் பெயர் உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை; எல்லோருக்கும் அவர் பல்லம்மாதான். ஐம்பதை நெருங்கும் அவர், ஒருவரின் முகத்தைப் பார்க்கும் முன் வாயைத்தான் பார்ப்பார். அவரைப் பற்றி எழுதப் போன என்னைச் சந்தித்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "ஞானப்பல் இன்னும் எடுக்கலையா?" என்று ஆசையாகக் கேட்டார்.

பல்லின் நடுவிலுள்ள மெல்லிய சதையில், எலும்பாகவும் மாறி வளரக்கூடிய ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்து வளர்த்து, பஞ்சுபோல் துளைகள் நிறைந்த சுண்ணாம்புச் சத்துத் துண்டில் குடியேற்றி, எலும்பு அரித்துப்போன இடத்தில் வைத்தால் அங்கே புது எலும்பு வளரவேண்டும். "வீடு கட்டச் சாரம் கட்டறோமில்ல, அதேதாங்க. எலும்பு எழும்ப எழும்ப இந்தச் சாரம் தானா கரைஞ்சுடும். அவுக்க ஆளே வேணாம்!" சொல்லும்போது இரண்டு கைகளும் காற்றில் மாடி கட்டுகின்றன.

செல்களுக்கு ஞாயிறு, விடுமுறை கிடையாது; வேளைக்குத் தீனி மாற்றியாக வேண்டும். "பெத்தது ரெண்டு, வளர்க்கறது கோடி" என்பார் அவர் கணவர், இஸ்திரிப் பெட்டியை நகர்த்தியபடி.

இந்தச் சோதனை சிகிச்சைக்கு முதலில் சம்மதித்தவர் ஒரு பள்ளி வேன் ஓட்டுநர். கீழ்த்தாடையில் நீர்க்கட்டி எலும்பைத் தின்றிருந்தது. கட்டியை எடுத்த மருத்துவர், "அந்தப் பக்கம் அழுத்திக் கடிச்சா தாடையே உடைஞ்சுடும்" என்று எச்சரித்திருந்தார். ஓட்டுநருடைய ஞானப்பல்லிலிருந்து பல்லம்மா வளர்த்த செல்கள், ஒரு காலையில் வளர்ப்புத் தட்டு முழுக்கப் பூஞ்சை பிடித்துக் கிடந்தன.

அன்றே அவர் வேன்காரரின் வீட்டுக்குப் போனார். "உங்க பல்லைக் கோட்டை விட்டுட்டேங்க" என்றார் வாசலில் நின்றபடியே.

வேன்காரர் வாயைத் திறந்து விரலால் காட்டினார். "இன்னொண்ணு இருக்கும்மா. இதுதான் கடைசி. பாத்துப் பண்ணுங்க."

அந்தக் கடைசிப் பல்லின் செல்கள் பிழைத்தன. சாரம் தாடைக்குள் போனது. மாதங்கள் கழித்து, போன வாரம் ஸ்கேன் எடுத்தார்கள். திரையில், கறுப்புப் பள்ளமாக இருந்த இடம் வெள்ளை வெளேரென்று நிறைந்திருந்தது.

"எலும்புதானா? சாரத்தோட மிச்சமில்லையே?" என்று நாற்காலி நுனியிலிருந்து துள்ளி எழுந்தார் பல்லம்மா.

"எலும்பேதான். இனி ரெண்டு பக்கமும் மெல்லலாம்" என்றார் மருத்துவர்.

வேன்காரரின் மனைவி பையிலிருந்து ஒரு கேரட்டை எடுத்து நீட்டினார். வேன்காரர் தயங்கினார், பழகிய பக்கமே கேரட் போனது.

"அந்தப் பக்கம், அந்தப் பக்கம்!" என்று அறையே கத்தியது.

பல்லம்மா கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். குனிந்து, வேன்காரரின் கன்னத்தருகே காதைக் கொண்டுபோனார். "ம்ம்... கடிங்க."

கறுக்கென்றது.

"இன்னொரு வாட்டி" என்றார் பல்லம்மா, கண்களை மூடி, காதை எடுக்காமலே.