பாதியைப் புதைக்கச் சொன்னார்கள்

எழுபதுகளின் நடுவில், எங்களுக்குக் கல்யாணமான மூன்றாம் வருஷம், மழை ஏமாற்றிவிட்டது. பாலக்கோட்டுப் பக்கம் அரை ஏக்கரில் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்த்துவந்தோம். புழுக்கள் மூன்றாம் முறை தோலுரித்து எழுந்த சமயத்தில் கிணறு வற்றியது. இனிமேல்தான் அவை வெறிகொண்டு தின்னும். செடியில் இருந்த இலையோ இரண்டு நாளுக்குக்கூடக் காணாது.

புழு பார்க்க வந்த பட்டுத் துறை ஆபீசர் புழுத் தட்டுகளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாதியக் குழியில போட்டு மூடிடுங்க. மிச்சமாவது கூடு கட்டும். எல்லாத்துக்கும் பங்கு வச்சா ஒண்ணுமே தேறாதுங்க."

என் கணவர் மண்வெட்டியை எடுத்தார். நான் தட்டுகளுக்கு முன்னால் போய் நின்றேன்.

"முட்டையிலிருந்து நான் பாத்ததுங்க. உசிரோட எப்படிப் புதைக்கறது? இருக்கறத எல்லாத்துக்கும் கொஞ்சங் கொஞ்சமாப் போடலாம்."

"படிச்சவரு சொல்றாரு."

"அவரா தீனி போட்டாரு?"

என் கணவர் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டுச் சைக்கிளில் அக்கம்பக்கத் தோட்டங்களுக்கு இலை கேட்கப் போனார். பொழுது சாய அரை மூட்டையோடு வந்தார். பாதி வாடியிருந்தது.

நறுக்கி எல்லாத் தட்டிலும் ஒரே அளவாகத் தூவினேன். ஒரு நிமிஷத்தில் காலி. பிறகு எல்லாம் தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டித் தேடின. தினமும் இப்படித்தான்; பார்க்க முடியாமல் வெளியே வந்துவிடுவேன்.

நாலைந்து நாளில் உரிய வேண்டிய நாலாவது தோல் எட்டு நாளாகியும் பலவற்றுக்கு உரியவில்லை. உரித்தவையும் ஒன்றுபோல வளரவில்லை. விரல் நீளப் புழுவுக்குப் பக்கத்திலேயே அதில் பாதிகூட இல்லாதது கிடந்தது. அப்புறம் ஒவ்வொன்றாகக் கறுத்துத் துவண்டு சாக ஆரம்பித்தன. நாற்றத்தில் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒரு முறம் கூடு தேறியது. தொட்டால் அமுங்கும் கூடுகள். சந்தையில் ஒருவர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் பையிலேயே போட்டார்.

செத்தவற்றை என் கணவர் குழி வெட்டிப் புதைத்தார். 'அன்னிக்கே சொன்னேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். சொல்லவில்லை. "கை கழுவிட்டு வா, களி ஆறிப்போவுது" என்றார்.

இரக்கப்பட்டுத்தான் செய்தேன். நடந்தது என்னவோ, அத்தனையையும் நாள் கணக்கில் பட்டினி போட்டதுதான்.

அடுத்த மாதம் மல்பெரியை வேரோடு பிடுங்கினோம். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் பஸ் ஏறினோம். அங்கே செங்கல் சுமந்த ஆறு வருஷமும் அவர் புழுப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.