சித்தி என்றால் உதடு ஒட்டாது

உலகத்தில் டிக்கெட் எடுத்தவர்கள் என்று யாரும் கிடையாது. இதுவரை பிடிபடாதவர்கள்தான் உண்டு. நகரப் பேருந்துகளில் பரிசோதகராக ஏறி இறங்கியே காலத்தைக் கழித்த செக்கிங் அம்மா கண்டடைந்த தத்துவம் இது. ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பவன் மேல் அவருக்குச் சந்தேகம். வேடிக்கை பார்க்காமல் நேராக உட்கார்ந்திருப்பவன் மேல் அதைவிடச் சந்தேகம். ஓய்வு பெற்ற அன்று கைக்கடிகாரம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். மேடையிலேயே அதைக் காதில் வைத்துப் பார்த்தார். ஓடவில்லை.

அதற்குப் பிறகு சந்தேகப்படப் பேருந்து இல்லை, வீடுதான் இருந்தது. மகன் பிறந்ததிலிருந்தே சோதனைக்கு உட்பட்டவன். அவனிடம் புதிதாக ஒன்றும் அகப்படாது. மருமகள் அப்படியல்ல. வெளிநாட்டுக் கார்ட்டூன் படங்களைத் தமிழில் பேச வைக்கும்போது பாட்டுகளுக்கு வரி எழுதுவது அவள் வேலை. பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கம்ப்யூட்டர் பக்கத்தில் கைக்கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்து, அதில் தன் வாயையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். கண்ணாடி பார்ப்பதற்குச் சம்பளம் கொடுக்கிற கம்பெனி ஒன்று இருக்கும் என்று செக்கிங் அம்மா ஒருநாளும் நம்பியதில்லை.

ஒருநாள் காலை, துணி உலர்த்தப் போகிற சாக்கில் அந்தக் கதவருகே நின்றார். உள்ளேயிருந்து மருமகளின் குரல் ராகத்தோடு வந்தது.

"மாமியாரே... மாய மாமியாரே... மாளிகையை விட்டு எப்போ போவாய்?"

ஒரு தடவை அல்ல. நிறுத்தி நிறுத்தி, ருசித்து ருசித்து.

ஆளைக் கையும் களவுமாகப் பிடித்தாலும் அங்கேயே கத்தக் கூடாது, அடுத்த நிறுத்தம் வரை விட்டுப் பிடிக்க வேண்டும் என்பது தொழில் தர்மம். ஆகவே மதியச் சாப்பாட்டில் சாட்சியம் திரட்டினார். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க அத்தை" என்றாள் மருமகள். பாட்டில் போகச் சொல்கிறவள் சாப்பாட்டில் உபசரிக்கிறாள் என்றால் உள்நோக்கம் இல்லாமலா?

சாயங்காலம் மகன் வாசலில் கால் வைத்ததுமே வழிமறித்தார்.

"நான் இந்த வீட்டுல இருக்கலாமா, கூடாதாடா?"

"இரும்மா. செருப்பைக் கழட்டிக்கிறேன்."

அந்த 'இரும்மா' வீட்டுக்கு உள்ளதா, செருப்புக்கு உள்ளதா என்று அவருக்கு விளங்கவில்லை. உள்ளே போய்ப் பையில் துணியை அடுக்கினார்.

போவதற்கு இருந்தது ஒரே இடம், அக்கா வீடு. அக்கா ஒண்டிக்கட்டை, வீடும் விசாலம்தான். ஆனால் ஃப்ரிட்ஜுக்குப் பூட்டுப் போட்டு வைத்திருப்பவர். விருந்தாளி குளிக்கப் போனால் வெளியே நின்று தண்ணீர்ச் சத்தத்தைக் காதாலேயே அளப்பவர். மிச்சக் காலத்தை அங்கே ஓட்டுவதை நினைத்ததும் செக்கிங் அம்மா அடுக்கிய துணியில் பாதியை வெளியே எடுத்தார். இருந்தாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே.

மறுநாள் காலை பையும் கையுமாகப் பின்னறைக்குள் நுழைந்தார்.

"எப்போ போவாய்னு பாடினியே, இதோ கிளம்பிட்டேன்."

விஷயம் புரிய மருமகளுக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். செக்கிங் அம்மா அதையும் கவனித்தார்.

"அத்தை, உக்காருங்க. முதல்ல இவ வாயைப் பாருங்க."

திரையில், கோபுரம் ஒன்றில் அடைபட்ட இளவரசி அழுதுகொண்டே பாடினாள். அடைத்தவள் அவளுடைய அப்பாவின் இரண்டாம் தாரம். பாட்டின் முதல் சொல்லில் இளவரசியின் உதடுகள் ஒட்டின, பிரிந்தன, மறுபடி ஒட்டி 'ஆ'வென்று விரிந்தன.

"அசல்ல அவ சித்தியைத்தான் திட்டுறா. நீங்க 'சித்தி'ன்னு சொல்லுங்க."

"எதுக்கு?"

"சும்மா சொல்லுங்களேன்."

"சித்தி."

"உதடு ஒட்டுச்சா?"

செக்கிங் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு ரகசியமாக இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். ஒட்டவில்லை. எவ்வளவு கோபமாகச் சொன்னாலும் ஒட்டவில்லை.

"அவ உதடு ஒட்டுற இடத்துல நம்ம சொல்லும் ஒட்டணும். ப, ம வந்தாத்தான் ஒட்டும். மாமியார்ல ரெண்டு 'ம' இருக்கு. வேற ஒண்ணும் இல்லை அத்தை."

"கல்யாணமே ஆகாதவளுக்கு மாமியார் எங்கிருந்து வந்தா?"

"ஒரு இடத்துல ராணி முதுகைக் காட்டிக்கிட்டு நடந்து போவா. முதுகு தெரியும்போது வாய் தெரியாது, என்ன வேணும்னாலும் பேச வைக்கலாம். 'நான் உங்கப்பாவைக் கட்டிக்க வரலை, என் பையனுக்கு உன்னைக் கட்ட வந்தேன்'னு ஒரு வரி போட்டேன். சித்தி மாமியாராயிட்டா."

மனம் ஆறியது, சந்தேகம் ஆறவில்லை. "மறுபடி போடு" என்றார். பையை மடியில் வைத்துக்கொண்டு இளவரசியின் வாயை உற்றுப் பார்த்தார்.

"நிறுத்து. நீ 'மி'க்கு வாயை மூடிட்ட. அவ இன்னும் திறந்துதான் வெச்சிருக்கா. கடைசியிலதான் மூடுறா. உன் மாமியார் வித்தவுட் டிக்கெட்."

"தெரியும் அத்தை. இழுத்துப் பாடிச் சமாளிக்கணும். வேற உறவு எங்க இருக்கு?"

செக்கிங் அம்மா சொந்தபந்தங்களை ஒவ்வொருவராக உதட்டில் ஏற்றி இறக்கினார். அத்தை ஒட்டவில்லை. நாத்தனார் ஒட்டவில்லை. ஓரகத்தி கிட்டத்திலேயே வரவில்லை. 'மருமகளே' கச்சிதமாக ஒட்டியது. அவர் முகம் மலர்ந்தது.

"பாடுறவளே மருமகதானே அத்தை. அவளை அவளே திட்டிக்குவாளா?"

கைகள் மடியிலிருந்த பையைத் தடவின. அக்கா வீட்டு ஃப்ரிட்ஜ் பூட்டு கண்முன் வந்தது.

"பெரியம்மா" என்றார்.

இளவரசியின் வாய் அந்தச் சொல்லுக்கென்றே வரைந்ததுபோல் இருந்தது.

"ராஜாவுக்கு மூத்த சம்சாரம்னு அந்த முதுகு தெரியிற இடத்துல சொல்லிடு. அவ்வளவுதானே?"

"உங்க அக்கா தப்பா எடுத்துக்க மாட்டாங்களா?"

"அவ சினிமாவுக்குக் காசு செலவு பண்ற ஆளா?"

மருமகள் மறுபேச்சு இல்லாமல் சம்மதித்தாள். புதுப்பெண்ணாக அக்கா வீட்டுக்கு விருந்துக்குப் போன அவளும் அந்தப் பூட்டில் ஒரு தடவை முட்டிக்கொண்டு நின்றவள்தான். அவள் இதற்காகவே காத்திருந்தாளோ என்கிற சந்தேகம் செக்கிங் அம்மாவுக்கு இன்றுவரை தீரவில்லை. பை மட்டும் அலமாரிக்குத் திரும்பியது.

படம் வந்தது. தெருவில் குழந்தைகள் "பெரியம்மா, மாயப் பெரியம்மா" என்று கத்திக்கொண்டு ஓடின. அந்த வாரமே அக்காவின் போன் வந்தது.

"படம் பார்த்தேன்டி."

"நீயா? டிக்கெட் யாரு எடுத்தா?"

"பக்கத்து வீட்டுக்காரங்க கூட்டிட்டுப் போனாங்க. அந்த ராணி எல்லாத்தையும் பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிக்கிறா. அப்போ அந்த வரிசையே என்னைத் திரும்பிப் பார்க்குது. நிஜத்தைச் சொல்லு, உன் மருமக யாரை வெச்சு எழுதினா?"

அக்கா வீட்டுக் கதவுக்கும் இனிப் பூட்டுத்தான் என்பது செக்கிங் அம்மாவுக்குப் புரிந்தது. போக்கிடம் போய்விட்டது, இந்த வீட்டில் இருந்துதான் ஆக வேண்டும். பின்னறை வாசலில் நின்றபடி மருமகள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் மெல்லத் திரும்பி, அவளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"அவ மேல தப்பில்லக்கா. மாமியார்னே இருக்கட்டும்டின்னு நான்தான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கம்பெனிக்காரங்க கேட்டாத்தானே?"