நான் இடித்த தொகுப்பு வீடு

சென்ற மழையில் எங்கள் ஊர்ப் பக்கம், கட்டி மூன்று மாதமே ஆன சிறுபாலம் ஒன்று உட்கார்ந்துவிட்டது. விசாரிக்க வந்தவர்கள் அன்றைக்கே குற்றவாளியைக் கண்டுபிடித்தார்கள். பாலத்தின் மேல் ஓர் எருமை நின்றதாம். எருமைக்காரரிடம் எழுதி வாங்கிக்கொண்டு ஜீப் விழுப்புரத்துக்குத் திரும்பிவிட்டது. கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. ஒரு காலத்தில் அந்த எருமை நான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. திண்டிவனத்தை அடுத்த எங்கள் காலனியில் அரசாங்கம் பன்னிரண்டு தொகுப்பு வீடுகள் கட்டியது. அதில் ஒன்று, மழைக்கு மழை ஓலை மாற்றிக்கொண்டிருந்த எங்களுக்கு. அப்பா அந்த வேலைக்கே கலவை போடும் கூலியாளாகப் போனார். சொந்த வீட்டுக்குத் தன் கையாலேயே கலவை போடுகிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும் என்று அம்மா தண்ணீர்க் குழாயடியில் பீற்றிக்கொண்டாள். அப்பா மட்டும் அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து வெளியே போய்விடுவார்.

பெரிய அதிகாரி வந்து சாவி கொடுப்பதற்கு முதல்நாள், கழுவித் துடைக்க எங்களை உள்ளே விட்டார்கள். அம்மா சாமி படத்தையும் ஓர் ஆணியையும் என்னிடம் கொடுத்து, அடுப்பங்கரைத் தடுப்புச் சுவரில் மாட்டச் சொல்லிவிட்டுத் தண்ணீருக்குப் போனாள்.

கல்லை எடுத்து ஒரு தட்டு தட்டினேன். வாழைத்தண்டில் இறங்குவதுபோல ஆணி கொண்டை வரைக்கும் உள்ளே போய்விட்டது. இழுத்தேன், கையோடு வந்தது. இடம் மாற்றி அடித்தேன். மூன்றாவது அடியில் பூச்சு அப்பளமாகப் பெயர்ந்தது. உள்ளே செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவிலிருந்து மணல் பொலபொலவென்று கொட்டியது. பயந்துபோய்க் கையால் அணைத்துப் பிடித்தேன். அவ்வளவுதான். நான் வாசலுக்குத் தாவினேன். தூசி அடங்கியதும் பார்த்தால், கூடத்திலிருந்து அடுப்பு பளிச்சென்று தெரிந்தது.

ஓட்டமாக ஓடி மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்குள், போய் விழுந்தேன். அரசாங்க வீட்டை இடித்தவனுக்குக் கடலூர் ஜெயில்தான் என்று நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன். டிராயர் நனைந்துவிட்டது. ஆனால் கை மட்டும் தன்பாட்டுக்குச் செடியைப் பிடுங்கி மல்லாட்டையை உரித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தது. இடிப்புக் குற்றத்தோடு திருட்டுக் குற்றமும் சேர்ந்துவிட்டதே என்று உறைத்தபோது பாதிப் பாத்தி காலி.

அக்காதான் கண்டுபிடித்தாள். "டேய், இங்க குந்திக்கினு மல்லாட்டையா துன்னுக்கினு கீற? ஓவர்சியர் வந்துட்டாரு. எழுந்திரு, ஜல்தியா வா!"

இடிந்த சுவர் முன்னால் ஓவர்சியரும் கான்ட்ராக்டரும் முகம் வெளுத்து நின்றார்கள். நான் போன வேகத்தில் ஓவர்சியர் காலில் விழுந்தேன். "நான்தான் சார் இடிச்சேன். ஜெயில்ல போட்றாதீங்க சார்."

பிள்ளை வரம் கேட்டு அலைந்தவர் கையில் பிள்ளையைக் கொடுத்ததுபோல ஓவர்சியர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, பையனே ஒத்துக்கினான்! யோவ், ஒம் புள்ள என்னா பீமனா?" என்று ஓரமாக நின்ற அப்பாவின் பக்கம் திரும்பினார். கான்ட்ராக்டர் என் தலையைத் தடவி ஒரு பிஸ்கட் பொட்டலமே கொடுத்தார். எவ்வளவு நல்ல மனுஷர்கள் என்று எனக்கு அழுகை கூடிப்போனது.

காகிதம் ஒன்று எழுதப்பட்டது. மகனின் குறும்பால் சுவர் இடிந்தது, சொந்தச் செலவில் கட்டிக்கொள்கிறேன், மற்றபடி பன்னிரண்டு வீடுகளும் நல்ல தரம். கீழே அப்பா கையெழுத்துப் போட வேண்டும்.

"போட்டா நாளைக்கு சாவி. போடலன்னா வேணாம், வீடு கேட்டு எத்தினி பேரு நிக்கிறான்" என்றார் ஓவர்சியர்.

அம்மா குடத்தை இறக்கி வைத்தாள். "ஒரு ஆணிக்கு உழுற செவுரு என்னா செவுரு சார்? ஒரு நாளு ஒம் பொண்டாட்டி புள்ளைங்கள இட்டுக்கினு வந்து இதுல படு, பாக்கலாம்."

"ஏம்மா, கலவை போட்டது யாரு? ஒம் புருசனாண்ட கேளு" என்றார் கான்ட்ராக்டர்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா குனிந்து கலவைக் கட்டி ஒன்றை எடுத்து விரலால் நெரித்தார். அது மணலாக உதிர்ந்தது. "நீங்க சொன்ன கணக்குலதான சார் போட்டேன்" என்றார். வாய்க்குள்ளேயே சொன்னார். பிறகு பேனாவை வாங்கிக்கொண்டு, "எம் மவன்தான் சார் இடிச்சான்" என்று கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மாலை மரியாதையோடு சாவி கொடுத்தார்கள். பன்னிரண்டு வீட்டுச் சிமெண்ட் எந்தத் தெருவில் யாருக்கு மாடியாக எழுந்து நின்றதோ தெரியாது. அடுத்த மழையில் பக்கத்து வீடுகளில் விரிசல் விட்டது. போய்க் கேட்டவர்களுக்கு எங்கள் காகிதத்தைத்தான் எடுத்துக் காட்டினார்களாம்: "நல்ல தரம்னு உங்காளே எழுதிக் குடுத்துக்கீறான்." ஓவர்சியருக்குப் பதவி உயர்வு வந்தது. ஓய்வு பெற்றபோது ஆளுயர மாலை போட்டார்கள். அந்தத் திட்டத்தில் பதில் சொல்ல வேண்டியவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள், பாவிகள்! பதில் சொன்னவன் டிராயரை நனைத்துக்கொண்ட ஒன்பது வயதுக்காரன் ஒருவன்தான். நானோ வருஷக்கணக்காகப் பள்ளிக்கூடத்தில், ஒற்றை ஆணியில் வீட்டை இடித்த வீரன் என்று காலரைத் தூக்கிவிட்டுத் திரிந்தேன்.

அப்பா என்னை ஓர் அடிகூட அடிக்கவில்லை. திண்டிவனத்திலிருந்து சைக்கிளில் சிமெண்ட் மூட்டை கொண்டுவந்து அந்தச் சுவரைத் தானே திரும்ப எடுத்துக் கட்டினார். அந்த வீட்டில் சிமெண்டைக் கண்ட ஒரே சுவர் அதுதான்.

மழை பிடித்துக்கொண்டால் கூடத்தில் எவ்வளவு இடம் கிடந்தாலும், அம்மா, அக்கா, தம்பி, நான் நால்வரையும் அந்தத் தடுப்புச் சுவரை ஒட்டி வரிசையாகப் படுக்க வைப்பார். மற்ற சுவர்ப் பக்கம் போகவே விடமாட்டார். இடித்தவனே காவல் காக்கட்டும் என்று எனக்குக் கொடுத்த தண்டனை அது என்றே நான் நினைத்திருந்தேன். தப்பு செய்தது நான், இவர்கள் ஏன் நெருக்கியடித்துக்கொண்டு படுக்க வேண்டும் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அப்பா என்னை இன்னும் கொஞ்சம் அந்தச் சுவரை ஒட்டித் தள்ளிப் படுக்க வைத்தார்.