பஸ்ஸில் உரித்த பொட்டு

வெள்ளவத்தையில் பஸ் ஏறும்போது நெற்றியில் பொட்டு இருக்கும். கொள்ளுப்பிட்டி வருவதற்குள் உரித்துவிடுவேன். அலுவலகத்தில் யாரும் எதுவும் சொன்னதில்லை. தமிழச்சி என்று தெரிந்துவிடுமோ என்ற சண்டைக்காலத்துப் பயம், சண்டை முடிந்தும் என் விரல் நுனியில் குடியிருந்தது.

அன்று உரித்த பொட்டு நழுவி, பக்கத்திலிருந்த சிங்கள அம்மாவின் கையில் ஒட்டிக்கொண்டது.

“நங்கி, இது உங்கடயா?” என்று, தங்கையைக் கூப்பிடுவதுபோலச் சிங்களத்தில் கேட்டார்.

“இல்லை, அக்கே,” என்றேன், அதே மொழியில், தமிழ் வாடையே இல்லாமல்.

“அப்ப எனக்குத்தான்! என்ன வடிவு!”

சிரித்தபடி தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டு, கொள்ளுப்பிட்டியில் இறங்கி, எல்லோரும் பார்க்க நடந்துபோனார்.

பின்னால் நானும் இறங்கினேன். அலுவலகத்துக் கண்ணாடிக் கதவில் என் வெறும் நெற்றி தெரிந்தது. யாரோ காறித் துப்பியதுபோல அருவருத்தது. துப்பியவள் நானேதான்.