பதிவேட்டில் அடிக்கப்பட்ட பெயர்

சபையின் நூறாவது ஆண்டுக்கு வரலாறு எழுதித் தரச் சொன்னபோது, சபைச் செயலர் முன்பின் யோசிக்காமல் தலையாட்டிவிட்டாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவள் அவள். ஐம்பத்தாறு வயது. பதினெட்டு வருடமாகச் சபைக் கூட்டங்களுக்குக் குறிப்பு எழுதுகிறவளுக்கு இது என்ன பெரிய வேலை என்று நினைத்தாள்.

முதல் பக்கங்கள் மளமளவென்று வந்தன. சாக்கு மூட்டை அடுக்கும் வாடகைக் கிடங்கில் இருபத்து மூன்று பேர் கூடி, ஓர் உடன்படிக்கைத் தாளில் கையெழுத்துப் போட்டார்கள். பின்னால் சேருகிற ஒவ்வொருவரும் அதே தாளில் கையெழுத்துப் போடுவது வழக்கம். அவர்களுக்கு மேலே பேராயர் கிடையாது, கட்டளை அனுப்பத் தலைமையகமும் கிடையாது. கிறிஸ்து ஒருவரே தலை. போதகரை அழைப்பதும் அனுப்புவதும் சபைக் கூட்டம்தான். அங்கே வைத்தியருக்கும் வண்டி ஓட்டுகிறவருக்கும் வாக்களிக்க ஆளுக்கு ஒரு கை.

நான்காவது குறிப்பேட்டில் அவள் பேனா நின்றுவிட்டது. ஐம்பத்திரண்டு வருடத்துக்கு முந்தைய பக்கம். ‘போதகர் தம் மனைவியை அடிக்கிறார் என்று ஆதாரமின்றிப் பழி கூறி, மன்னிப்புக் கேட்கவும் மறுத்தமையால்’ ஓர் அங்கத்தினரை நீக்கியிருந்தார்கள். பெயரைத் தேடி அங்கத்தினர் பதிவேட்டைப் புரட்டினாள். கறுப்பு மையால் அடித்திருந்த அந்தப் பெயர் அவளுடைய அம்மாவின் பெயர்.

அம்மா ஞாயிறு தவறாமல் கடைசிப் பெஞ்சில் உட்காருவாள். அங்கத்தினர்களுக்கு மட்டுமான திருவிருந்து அப்பத் தட்டு வந்தால் தொடாமல் அடுத்தவரிடம் நகர்த்துவாள். கேட்டால் வயிறு சரியில்லை என்பாள். அரை நூற்றாண்டாக ஒரே வயிற்றுக்கோளாறு! பெற்ற மகளுக்கே அது உறைக்கவில்லை.

அந்த வாரம் கடையில் இடது கண் லென்ஸை வலது பக்கம் மாட்டி முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். எழுதாமல் விட்டால் வரலாறு பொய்யாகிவிடும். சபையில் படித்தால் எண்பத்து மூன்று வயதில் அம்மா எல்லார் முன்னும் கூனிக்குறுக வேண்டும். ஒரு கூட்டம் முடிவெடுத்ததை இன்னொரு கூட்டம்தான் மாற்ற முடியும். இவர்களும் அதே பக்கம் கை தூக்கிவிட்டால்?

கடைசியில் அம்மாவிடமே போனாள். அம்மா துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டும் முகம் மாறவில்லை.

“ஆதாரமில்லன்னா எழுதியிருக்கு? அந்தம்மா முதுகுல மருந்து போட்ட நர்ஸே நான்தான்.”

“அப்புறமும் ஏம்மா அங்கேயே வந்துட்டு இருந்தே?”

“அது அவரோட சபையா? நான் கையெழுத்துப் போட்ட சபை.” கடைசித் துண்டையும் மடித்து வைத்தாள். “படி. ஆனா படிக்கிறப்போ என்னைப் பார்க்காதே.”

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூட்டம். அம்மா பக்கம் திரும்பாமல் படித்து முடித்தாள். ஒருவர் இருமினார். செத்துப்போன போதகரை இப்போது எதற்கு இழுக்க வேண்டும் என்று ஒருவர் முணுமுணுத்தார்.

அப்போது சபைப் பணிகளைக் கவனிக்கும் மூத்த டீக்கன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்தப் பழைய கூட்டத்தில் இருந்தவர்களில் அம்மாவைத் தவிர அவர் ஒருவர்தான் மிச்சம்.

“அன்னைக்கு நானும் கை தூக்கினேன். நான் போதகர் வீட்டுக்குப் பக்கத்து வீடு. சத்தம் எனக்குக் கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பழைய தீர்மானத்தை நீக்கச் சம்மதமா என்று இப்போதைய போதகர் கேட்டார். எண்ண வேண்டியது செயலரின் வேலை. இரண்டு முறை எண்ணினாள். முப்பத்தெட்டுக் கைகள். ஐந்து பேர் கையைத் தூக்கவில்லை. அந்த ஐந்து முகங்களும் அவள் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டன.

உடன்படிக்கையில் மறுபடி கையெழுத்துப் போடும்படி அம்மாவைக் கேட்டார்கள். அம்மா அசையவில்லை. “ஒரு தடவை போட்டாச்சு. நான் அழிக்கலையே.” செயலரே பதிவேட்டில் பெயரைப் புதிதாக எழுதினாள்.

ஐவரில் ஒருவர் மறுவாரத்திலிருந்து வரவில்லை. செயலர் பல ஞாயிறு அவருடைய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவோ மூன்று மாதம் கழித்து, கூடத்துக்கு மின்விசிறி வாங்கும் தீர்மானத்துக்கு எதிராகத் தனி ஆளாய்க் கை தூக்கினாள். காரணம் கேட்டதற்கு, கழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்றாள்.

‘எதிர்ப்பு: ஒன்று’ என்று மகள் குறிப்பில் எழுதினாள்.