பேட்டரி இல்லாத பெரிய கேமரா

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடங்களுக்குப் போய் குரூப் போட்டோ எடுப்பவர். கல்யாணமான நாளிலிருந்து அவருடைய பெரிய கேமராவுக்கு நான் இரண்டாம் தாரம்தான். மழை வந்தால் குடை முதலில் அதற்கு, மிச்சமிருந்தால் எனக்கு. அதன் பாரம் அவர் கழுத்தை ஒரு வழி பண்ணிவிட்டது. வலது கை விரல்கள் மரத்துப்போய், சட்டைப் பொத்தானைக்கூட நான்தான் போட்டுவிட வேண்டும். சாயங்காலமானால் கழுத்துக்குத் தைலம். துணிமணி, தலையணை எல்லாம் அந்த வாடைதான். உண்மையைச் சொன்னால் எனக்கும் அலுத்துவிட்டது.

“இனிமேலும் இதைத் தூக்கினீங்கன்னா விரல்ல உணர்ச்சி திரும்பவே திரும்பாது” என்று டாக்டர் அதட்டிய பிறகுதான் மனிதர் இறங்கி வந்தார். சின்ன கேமரா ஒன்று வாங்கினார். உள்ளங்கைக்குள் அடங்கியது. படமோ பழையதைவிடப் பளிச்சென்று இருந்தது. “இத்தனை வருஷம் அந்தப் பாறாங்கல்லை எதுக்குடி சுமந்தேன்?” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

சின்னதை எடுத்துக்கொண்டு பெரிய பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போனோம். எங்களுக்குச் சோறு போடுவதே அந்தப் பள்ளிக்கூடம்தான். தலைமையாசிரியை இவர் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“என்னங்க இது, விளையாட்டுச் சாமான்? பெத்தவங்க கேட்டா நான் என்ன பதில் சொல்றது? பெரிசு எங்க?”

இவருக்கு முகம் செத்துவிட்டது. சண்டை போடத் தெரியாத ஜென்மம்.

“வண்டியில இருக்கு மேடம்” என்று நான்தான் வாயைவிட்டேன். பொய்யில்லை. பிரிய மனசில்லாமல், பேட்டரிகூட இல்லாத அதைப் பையோடு வண்டியிலேயே வைத்திருந்தார். நான் போய்த் தூக்கிவந்து ஸ்டாண்டில் மாட்டினேன். காற்று அடித்ததால் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவர் கொஞ்சம் தள்ளி நின்று சின்னதில் எடுத்தார். “எல்லாரும் இங்க பாருங்க” என்று தொண்டை வறளக் கத்தினார். தலைமையாசிரியை அம்மாவுக்குத் திருப்தி. அப்பாடா என்று வீடு வந்தோம்.

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், அட கடவுளே! ஒரு வகுப்பு பாக்கியில்லாமல் அத்தனை பேருக்கும் கண் ஒரு பக்கமாகப் போயிருந்தது. எல்லோரும் பெரிய கேமராவையே பார்த்திருக்கிறார்கள்.

“ஒரு பள்ளிக்கூடமே உன்னைத்தான்டி பாக்குது” என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபப்படத் தெம்பும் இல்லை.

வெளிச்சம் சரியில்லை என்று ஏதோ சாக்குச் சொல்லி மறுபடி போனோம். இந்தத் தடவை பெரியதன் தலைமேல் சின்னதை உட்கார வைத்துக் கட்டினோம். இவர் பின்னால் குனிந்து நின்று எடுத்தார். எல்லோர் கண்ணும் நேராக விழுந்தது.

படங்களைக் கொடுத்த அன்று தலைமையாசிரியை பூரித்துப் போனார். “பாத்தீங்களா? என்ன இருந்தாலும் பெரிய கேமரா பெரிய கேமராதான். அடுத்த வருஷமும் இதையே கொண்டுவாங்க.”

இவர் வாயைத் திறந்தார். நான் காலை மிதித்தேன்.

இப்போது எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் அந்தச் செத்த கேமரா கூடவே வருகிறது. அவர் தூக்கக்கூடாது. வேறு யார் தூக்குவது? மாடிப்படியெல்லாம் நான்தான் சுமந்து ஏறுகிறேன். எந்த மகராசன் கண்டுபிடித்தானோ என்று படிக்குப் படி திட்டிக்கொண்டே ஏறுவேன்.

நேற்று சாயங்காலம் வழக்கம்போலத் தைலத்தை எடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார்.

“திரும்பி உக்காரு.”

“எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்.”

“கழுத்தைத் திருப்ப முடியாம நிக்கறே, பேசாம உக்காருடி.”

உட்கார்ந்தேன். தேய்த்தார். கொஞ்ச நேரத்தில் கையை உதறினார்.

“ஏய், விரலெல்லாம் எரியுது.”

“எந்தக் கை?”

“வலது கைதான்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. திரும்பிப் பார்க்கலாமென்றால் கழுத்து திரும்பவில்லை.

“எரியட்டும், இன்னும் கொஞ்சம் தேயுங்க” என்றேன்.