மின்வெட்டு நோட்டின் நான்காவது கட்டம்

மணிக்கொரு முறை மீட்டரைப் பார்த்து லாக் ஷீட்டில் எழுதுவதுதான் தொழிற்சாலையில் என் முதல் வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சிதம்பரத்தில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் ஒரு நோட்டு கிடந்தது. அதில் நான்கு கட்டங்கள்: தேதி, கரண்ட் போன நேரம், வந்த நேரம், குறிப்பு.

குறிப்பில் எழுத ஒன்றும் இருக்காது. அதனால் அந்த நேரத்தில் வீட்டில் பேசியதை எழுதத் தொடங்கினேன். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு. அம்மாவின் ஒரே தம்பியான மாமா கடலூர் முதுநகரில் லேத் பட்டறை வைத்திருந்தார். ஞாயிறுதோறும் சாப்பிட வருவார். அவர் ஒரு கட்சி, அப்பா அதற்கு நேர் எதிர்க் கட்சி. ஃபேன் நின்றதும் இருவரும் ஆரம்பிப்பார்கள். அது வழக்கம், யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

2012 கோடையில் ஒரு ஞாயிறு அது மாறியது. ஆட்சி அப்போது அப்பாவின் கட்சியிடம் வந்திருந்தது.

"பாதி நாள் கரண்ட் இல்ல மாமா. எடுத்த ஆர்டர திருப்பிக் குடுத்துட்டேன். இதுதான் ஒங்க ஆட்சி" என்றார் மாமா.

"ஒரு ஜெனரேட்டர் வாங்கத் துப்பில்ல, கவர்மென்ட்ட கொற சொல்ல வந்துட்டான்" என்றார் அப்பா.

மாமா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். "தம்பி, மோர் ஊத்தறேன், இரு" என்று அம்மா வாசல்வரை போனாள். அவர் நிற்கவில்லை.

அடுத்த மூன்று ஞாயிறும் வரவில்லை. போனில், "வேல இருக்குக்கா" என்றார். கரண்ட் இல்லாத பட்டறையில் என்ன வேலை என்று அம்மா கேட்கவில்லை. நாலு பேருக்குச் சமைத்து, மிஞ்சியதை ராத்திரிக்கு எடுத்துவைத்தாள்.

நான்காவது ஞாயிறு காலை, எவ்வளவு பெரிய இன்வெர்ட்டர் வாங்கலாம் என்று கணக்குப் போட நோட்டைப் பின்னால் புரட்டினேன். 2010-இல், ஆட்சி மாமாவின் கட்சியிடம் இருந்தபோது, குறிப்புக் கட்டத்தில் இருந்தவை:

மாமா: முன்னாடி இருந்தவுங்க ஒண்ணும் கட்டல. காத்தாலை ஓடுனா சரியாயிடும்.

அப்பா: நெய்வேலி பக்கத்துல இருக்கு, நமக்குக் கரண்ட் இல்ல. டெல்லிக்குப் போயி கேட்டு வாங்கறதுதான?

2012-இல் அதே வாக்கியங்கள், ஏறக்குறைய ஒரு சொல் மாறாமல். பேசிய ஆட்கள்தான் இடம் மாறியிருந்தார்கள்.

அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணில் மாமா சொன்னது மட்டும்தான் பட்டது. "பாத்தியா? இத அவன் மூஞ்சியில காட்டணும்" என்று சட்டையை மாட்டினார். நானும் நோட்டோடு பஸ்ஸில் கூடப் போனேன்.

மாமா பட்டறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"மச்சான், அன்னிக்கு நீ என்ன சொன்ன, படி."

மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். நிதானமாக 2012 வரை பக்கங்களைத் தள்ளினார். "நீங்க சொன்னதும் இருக்கு மாமா. நாம ரெண்டு பேரும் வசனத்த மாத்திக்கிட்டோம், அவ்ளோதான்."

அப்பா நோட்டை வாங்கிப் பார்த்தார். இந்த முறை தன் வரிகளையும் படித்திருக்க வேண்டும்.

மாமா என்னிடம் திரும்பினார். "அந்த ஜெனரேட்டர் பேச்சு இதுல இருக்காம்மா?"

"இல்ல மாமா. அன்னிக்குக் குறிப்பு எழுதல."

"எழுதியிருக்கணும்" என்றார் அப்பா, லேத் மெஷினைப் பார்த்தபடி. "அத நான் சொல்லியிருக்கக் கூடாது மச்சான்."

மாமா கொஞ்ச நேரம் கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் துணியில் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஷட்டரை இழுத்துப் பூட்டினார்.

பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் பேச்சில் டெல்லி வந்துவிட்டது. கூடங்குளமும் வந்தது. நான் பின்சீட்டிலிருந்து அம்மாவுக்குப் போன் செய்து, மாமா வருகிறார், நாலு பேருக்கு உலை வை என்றேன்.

"வச்சிட்டேன்" என்றாள்.